சரக்குச் சீட்டும் கம்பியில்லா அச்சுக் கருவியும்

கிடங்கில் அடுக்கிய மூட்டையொன்று யாருடையது, எந்நாளில் வந்தது, எவ்வளவு எடையுள்ளது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கூறுவது அதன் மேலுள்ள சீட்டேயாகும். மூட்டையைக் கொண்டுவந்த அங்கத்தினர் எடை போட்டபின் வீடு திரும்பிவிடுவார். ஏலம் முடிந்து பணம் பட்டுவாடா ஆகும் நாளில் சங்கத்துக்கும் அவருக்கும் இடையே நிற்கும் சாட்சி அச்சீட்டுத்தான். நெசவாளர் சங்கங்களிலும் நிலைமை இதுவே. பாவும் ஊடையும் பெற்றுச் சென்று, பல நாட்கள் தறியில் உழைத்து ஒருவர் நெய்து கொண்டுவரும் சேலைகள், தரம் பார்க்கப்பட்டு அலமாரிக்குச் செல்கின்றன. அவற்றின் சீட்டில் அங்கத்தினர் எண் ஓரிலக்கம் மாறினாலும், ஒருவருடைய கூலி மற்றொருவர் கணக்கில் ஏறிவிடும்.

இச்சீட்டை அச்சிட இன்று ஒரு புதிய முறை கிடைக்கிறது. எடை போடுபவர் கையிலேயே ஒரு சிறு கணிப்பொறி இருக்கும். அவர் அதில் எடையைப் பதிந்தவுடன், அருகிலுள்ள சிறு அச்சுக் கருவி, கம்பித் தொடர்பு எதுவுமின்றி, அவ்விடத்திலேயே சீட்டை அச்சிட்டுத் தரும். பெரிய வியாபார நிறுவனங்களின் பண்டகசாலைகளில் இம்முறை நெடுநாளாக வழக்கில் உள்ளது. சங்கக் கிடங்கில் இதை அமைக்க விரும்பும் நிர்வாகிகளும் சிப்பந்திகளும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

இடைவெளியில் நேரும் பிழை

இக்கருவிகளை விற்க வருவோர் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே பேசுவர். வேகம் நன்மையே; ஆயினும் அது இரண்டாவது நன்மை. முதல் நன்மை யாதெனில், எடை போடுவதற்கும் சீட்டு ஒட்டுவதற்கும் நடுவே உள்ள இடைவெளி நீங்குவதாகும்.

வழக்கமான முறையைப் பார்ப்போம். மஞ்சள் மூட்டைகள் தராசில் ஏறி இறங்குகின்றன. எடையாளர் ஒரு தாளில் எடைகளை வரிசையாகக் குறிக்கிறார். தாள் அலுவலகத்துக்குச் செல்கிறது. அங்கே எழுத்தர் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றிச் சீட்டுகளை மொத்தமாக அச்சிடுகிறார். சீட்டுக் கற்றை மறுபடியும் கிடங்குக்கு வந்து, ஒவ்வொன்றாக மூட்டைகளில் கட்டப்படுகிறது. இதற்குள் ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். சுமை தூக்குவோர் இரண்டு மூட்டைகளை இடம் மாற்றி வைத்திருக்கலாம். விரலி மஞ்சள் இருந்த வரிசையில் கிழங்கு மஞ்சள் வந்து சேர்ந்திருக்கலாம். எழுத்தர் தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார், எடையாளரும் அவ்வாறே. இருந்தும் சீட்டு வேறு மூட்டையில் ஏறிவிடும். இப்பிழைக்குப் பொறுப்பாளி யாரென்று பின்னர் கண்டறிவது அரிது. நட்டம் மட்டும் ஓர் அங்கத்தினரைச் சாரும்.

மூட்டை தராசில் இருக்கும்போதே சீட்டு பிறந்து, தராசை விட்டு இறங்குமுன் அதில் கட்டப்பட்டால், இப்பிழைக்கு இடமே இராது. கம்பியில்லா முறையை நாடுவதற்கு இதுவே தக்க காரணம். இப்பயனை முழுமையாகப் பெற வேண்டுமாயின், கருவிகளை வாங்குவதற்கு முன்னரே சில விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணை அமைக்கும் விதம்

முதலில் தீர்மானிக்க வேண்டியது சீட்டின் எண். 12 இலக்கங்கள் கொண்ட எண் நம் தேவைக்குப் போதுமானது. முதல் 2 இலக்கங்கள் ஆண்டு. அடுத்த 2 கிடங்கு. அடுத்த 2 கைக்கருவி. அதற்கடுத்த 5 வரிசை எண். இறுதி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஒவ்வொரு கைக்கருவிக்கும் தனி எண் இருப்பதால், இரு எடையாளர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும், நடுவே தொடர்பு அறுந்துபோனாலும், ஒரே எண் இரு மூட்டைகளுக்கு அமையாது. வரிசை எண் 99,999 வரை செல்லுமாதலால் ஓராண்டுக்கு ஒரு கருவிக்கு அது தாராளமாகப் போதும்.

சரிபார்ப்பு இலக்கத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 2025ஆம் ஆண்டு, 3ஆம் கிடங்கு, 2ஆம் கருவி, 418ஆம் மூட்டை என்றால் எண் 25030200418 ஆகிறது. ஒற்றைப்படை இடங்களில், அதாவது 1, 3, 5, 7, 9, 11ஆம் இடங்களில் உள்ள இலக்கங்கள் 2, 0, 0, 0, 4, 8. அவற்றின் கூட்டுத்தொகை 14. அதை 3ஆல் பெருக்கினால் 42. மற்ற இடங்களில் உள்ள 5, 3, 2, 0, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 11. இரண்டும் சேர்ந்து 53. இதை அடுத்த பத்தின் மடங்காகிய 60 ஆக்க 7 தேவை. ஆகவே 7 என்பதே சரிபார்ப்பு இலக்கம். முழு எண் 250302004187. சீட்டு கிழிந்து எண்ணைக் கையால் பதிய நேரும்போது ஓரிலக்கம் தவறினாலும் கணக்கு ஒத்துவராது. கருவி அதை ஏற்க மறுக்கும். கடைகளில் விற்கும் பண்டங்களின் உறைகளில் காணப்படும் எண்களுக்கும் இத்தகைய கணக்கே அடிப்படை.

பட்டைக்கோடு

எண்ணைக் கருவி படிப்பதற்காகச் சீட்டில் அச்சிடப்படுவது பார்கோடு எனப்படும் பட்டைக்கோடு. அமெரிக்க நாட்டில் நார்மன் ஜோசப் உட்லண்டு, பெர்னார்டு சில்வர் என்னும் இருவர் இக்கருத்தை உருவாக்கி 1949இல் விண்ணப்பித்து, 1952இல் காப்புரிமை பெற்றனர். எனினும் அதைப் படிக்கவல்ல மலிவான கருவி அக்காலத்தில் இல்லை. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலமொன்று பட்டைக்கோட்டின் மூலம் விற்கப்பட்டது முதல் இம்முறை வணிகத்தில் பரவலாயிற்று. கிடங்கு வேலைக்கு மிகவும் ஏற்றது 1981இல் வெளிவந்த கோடு 128 என்னும் வகை. அது இரண்டிரண்டு இலக்கங்களை ஒரே குறியாக அடக்கிவிடும். தன்னுள்ளேயே ஒரு சரிபார்ப்புக் குறியையும் கொண்டிருக்கும்.

இதன் அகலத்தை வாங்குமுன்னரே கணக்கிட்டுவிடலாம். 12 இலக்கங்களுக்கு 6 குறிகள். ஒவ்வொன்றுக்கும் 11 அலகு வீதம் 66. தொடக்கக் குறி 11, சரிபார்ப்புக் குறி 11, முடிவுக் குறி 13. ஆக மொத்தம் 101 அலகுகள். இருபுறமும் தலா 10 அலகு வெற்றிடம் வேண்டும். வழக்கத்திலுள்ள அச்சுக் கருவி ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் இடும். ஓர் அலகுக்கு 2 புள்ளிகள் கொடுத்தால், அலகின் அகலம் 0.25 மில்லிமீட்டர், வெற்றிடம் உட்பட 121 அலகுகளுக்கு ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் ஆகும். 3 புள்ளிகள் கொடுத்தால் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் அகலச் சீட்டில் இரண்டும் அடங்கும். தூசி மிகுந்த கிடங்கில் தடித்த கோடுகளே எளிதில் படிக்கப்படுமாதலால், நாம் 3 புள்ளி அளவையே சிபாரிசு செய்வோம்.

இரு வழிகள்

கைக்கருவியிலிருந்து அச்சுக் கருவிக்குச் செய்தி செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று புளூடூத், மற்றொன்று வைஃபை.

புளூடூத்தில் ஒரு கைக்கருவியும் ஓர் அச்சுக் கருவியும் நேரடியாக இணைகின்றன. நடுவே வேறு சாதனம் தேவையில்லை. சாதாரணமாகப் பத்து மீட்டர் தூரத்துக்குள் வேலை செய்யும். அச்சுக் கருவியை எடையாளர் இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு மூட்டைக்கு மூட்டை நடந்து செல்லலாம். ஒருவர் மட்டுமே எடை போடும் சிறு கிடங்குக்கும், தறிக்கூடங்களுக்குச் சென்று துணி பெறும் சிப்பந்திக்கும் இதுவே ஏற்றது.

வைஃபையில் அச்சுக் கருவியும் கைக்கருவிகளும் கிடங்கிலுள்ள பொதுவான வலைத்தொடர்பில் சேர்கின்றன. தராசுக்கருகே மேசைமேல் வைத்த ஓர் அச்சுக் கருவியை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்ளலாம். அலுவலகக் கணக்கேட்டுடனும் உடனுக்குடன் தொடர்பு இருக்கும். ஆனால் வைஃபை நிலையங்களை முறையாக அமைக்க வேண்டும். அதற்குச் செலவும் கவனமும் தேவை.

வைஃபை அமைக்கும்போது கிடங்கு காலியாக இருக்கும் நாளில் சோதித்துவிட்டுத் திருப்தியடைவது பெருந்தவறு. தகரக் கூரையும் இரும்புக் கதவும் அலைகளைத் திருப்பிவிடுகின்றன. ஈரப்பதமுள்ள மூட்டைகளின் அடுக்கு அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. வரத்து மிகுந்த காலத்தில், மூட்டைகள் கூரையைத் தொடுமளவுக்கு அடுக்கியிருக்கும்போது, கைக்கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சந்துக்கும் நடந்து சோதிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அவற்றுக்கு 1, 6, 11 என்னும் தடங்களை ஒதுக்கினால் ஒன்றையொன்று இடையூறு செய்யா. சில அச்சுக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. 5 கிகாஹெர்ட்ஸ் நிலையத்தை மட்டும் வைத்தால் அவை தொடர்பு கொள்ளா. வாங்குமுன் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தாளும் கயிறும்

அச்சுக் கருவிகளில் இருவகை உண்டு. முதல் வகையில் மை இல்லை. வெப்பம் பட்டால் கறுக்கும் தாளில் நேராக அச்சாகும். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. எளிமையானவை, ஆனால் வெயிலும் சூடும் பட்டால் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் அல்லது தாளே கறுத்துவிடும். இரண்டாவது வகையில் மைநாடா உண்டு. அதிலுள்ள மை உருகித் தாளில் பதியும். இது நீண்ட நாள் நிலைக்கும்.

இவற்றுள் எது வேண்டுமென்பது சரக்கு எவ்வளவு காலம் கிடங்கில் தங்கும் என்பதைப் பொறுத்தது. வாரத்துக்குள் ஏலத்துக்குச் செல்லும் பருத்திக்கு வெப்பத் தாள் போதும். மஞ்சளோ அப்படியன்று, நல்ல விலை வரும் வரை ஆண்டுக்கணக்கில் மூட்டைகளை வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. தகரக் கூரையின் கீழ் இரு கோடைகளைக் கண்ட வெப்பத் தாள் வெறுந்தாளாகிவிடும். அத்தகைய சரக்குக்கு மைநாடா அச்சே தேவை. அதற்காகத் தராசுக்கருகே மேசைக் கருவி ஒன்றை வைத்து, கைக்கருவியிலிருந்து வைஃபை வழியாக அச்சிடலாம்.

ஒட்டுவதிலும் யோசனை வேண்டும். சணல் சாக்கின்மேல் பசைச் சீட்டு நிற்பதில்லை. இரண்டு முறை தூக்கி வைத்தால் உதிர்ந்துவிடும். கெட்டியான தொங்கு சீட்டை அச்சிட்டு, சாக்கின் வாயைத் தைக்கும்போது சேர்த்துத் தைத்துவிடுவதே உறுதி. பட்டுச் சேலையில் பசைச் சீட்டை ஒட்டவே கூடாது. பசை துணியில் இறங்கிக் கறையாகும். நூலால் கட்டும் தொங்கு சீட்டே அதற்கு உரியது. சீட்டு எங்கே முடிகிறதென்பதை அச்சுக் கருவி ஒரு கண்ணால் அறிகிறது. பசைச் சீட்டுகளுக்கு இடையேயுள்ள இடைவெளியையோ, தொங்கு சீட்டின் பின்புறத்துக் கருங்குறியையோ அக்கண் காணும். தாளின் வகை மாறும்போதெல்லாம் கருவியை அதற்கேற்ப அளவுபடுத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பாதி எழுத்து ஒரு சீட்டிலும் மீதி அடுத்த சீட்டிலுமாக விழும்.

அமைக்கும் வரிசை

இனிக் கருவிகளை இணைக்கும் வரிசையைக் கூறுவோம்.

முதலாவதாக, அச்சுக் கருவியைக் கம்பி வழியாக ஒரு கணிப்பொறியில் இணைத்து, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் பதிய வேண்டும்.

இரண்டாவதாக, அச்சுக் கருவிக்கு வலைத்தொடர்பில் ஒரு நிலையான முகவரியை ஒதுக்க வேண்டும். இவ்வாறு ஒதுக்காவிட்டால், மின்சாரம் நின்று மீண்டும் வந்தபின் அதன் முகவரி மாறிவிடக்கூடும். கைக்கருவிகள் அதைப் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். நேற்று வேலை செய்த கருவி இன்று காரணமின்றி நின்றுவிட்டது என்னும் புகாருக்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

மூன்றாவதாக, கைக்கருவியிலுள்ள செயலியில் அம்முகவரியையும், அச்சுச் செய்தி செல்லும் வாயில் எண்ணையும் பதிய வேண்டும். பெரும்பாலான கருவிகளில் அவ்வாயில் எண் 9100 ஆகும். புளூடூத் முறையாயின், அச்சுக் கருவியின் மேல் அச்சிட்டுள்ள அதன் முகவரிப் பட்டைக்கோட்டைக் கைக்கருவியால் படித்தே இணைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு.

நான்காவதாக, செயலி எழுதும் மொழியும் அச்சுக் கருவி அறிந்த மொழியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜீப்ரா நிறுவனத்தின் கருவிகள் இஸட்.பி.எல். என்னும் மொழியையும், வேறு நிறுவனங்களின் கருவிகள் தத்தம் மொழிகளையும் கொண்டுள்ளன. மொழி மாறினால், சீட்டுக்குப் பதிலாகக் கட்டளைகளே வரிவரியாக அச்சாகித் தாள் வீணாகும்.

ஐந்தாவதாக, சீட்டின் அமைப்பை அச்சுக் கருவியிலேயே சேமித்து வைத்து, ஒவ்வொரு மூட்டைக்கும் மாறுகின்ற விவரங்களை மட்டும் அனுப்புவது நலம். செய்தி சிறிதாக இருப்பதால் தொடர்பு மெலிந்த இடத்திலும் விரைவில் சென்று சேரும்.

ஆறாவதாக, அச்சின் கருமையைச் சரிபார்க்க வேண்டும். மிகுந்த கருமை நல்லதென்று எண்ணுவது தவறு. வெப்பம் மிகுந்தால் கோடுகள் பருத்து ஒன்றோடொன்று கலந்துவிடும். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் சீட்டைக் கருவி படிக்காது.

தமிழில் அச்சிடுதல்

கருவி படிப்பதற்குப் பட்டைக்கோடு போதும். அங்கத்தினர் படிப்பதற்கு அது போதாது. அவருடைய பெயர், அங்கத்தினர் எண், பண்டம், தரம், எடை, நாள் ஆகியவை அவர் அறிந்த தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சீட்டை அவரே படித்து, தவறிருந்தால் அவ்விடத்திலேயே சொல்லக்கூடிய நிலைமை இருந்தால்தான் இது அவருடைய சீட்டு. தொலைபேசி எண், ஆதார் எண் போன்றவற்றைச் சீட்டில் அச்சிடுதல் கூடாது. மூட்டை எங்கெங்கோ செல்லும் பொருள்.

தமிழ் எழுத்துகளை நேராக அனுப்பினால் சில அச்சுக் கருவிகள் தடுமாறுகின்றன. ‘கெ’, ‘கே’, ‘கை’ என்னும் எழுத்துகளில் கொம்பு முன்னே நிற்கிறது; ஆனால் கணிப்பொறியின் சேமிப்பில் மெய்யின் உருவே முதலிலும் கொம்பு பின்னரும் வருகின்றன. இவ்வரிசையை மாற்றிக் கோக்கும் அறிவு அச்சுக் கருவியில் இல்லாவிட்டால் கொம்பு தவறான இடத்தில் விழும். வேலுச்சாமி என்னும் பெயர் உருக்குலைந்து வரும். இதற்கு எளிய வழி, பெயரைக் கைக்கருவியிலேயே படமாக்கி அப்படத்தை அச்சுக்கு அனுப்புவது. கைக்கருவி தமிழை ஒழுங்காகக் கோத்துவிடும். அச்சுக் கருவி படத்தைப் புள்ளி புள்ளியாக அச்சிடும். கருவியை ஒப்புக்கொள்ளுமுன், அங்கத்தினர் பட்டியலிலிருந்து இருபது பெயர்களைத் தேர்ந்து அச்சிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு மூட்டைக்கு இரு சீட்டு

இம்முறையில் உள்ள பெரிய ஆபத்தை இனிக் கவனிப்போம். கம்பியில்லாத் தொடர்பு சில நேரங்களில் நடுவில் அறும். கைக்கருவி செய்தியை அனுப்பிவிட்டது. அச்சுக் கருவி சீட்டை அச்சிட்டும்விட்டது. ஆனால் ‘அச்சாயிற்று’ என்னும் மறுமொழி கைக்கருவிக்கு வந்து சேரவில்லை. கைக்கருவி ‘அச்சாகவில்லை’ என்று காட்டுகிறது. எடையாளர் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறார். ஒரு மூட்டைக்கு இரு சீட்டுகள் வெளிவருகின்றன.

பொத்தானை அழுத்தும்போதெல்லாம் புதிய எண் பிறக்குமாறு செயலி அமைந்திருந்தால், ஏட்டில் ஒரு மூட்டை இரண்டாகிவிடும். ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் ஒரு மூட்டை குறைவதாகத் தோன்றும். குற்றமற்ற கிடங்குக் காப்பாளர் அதற்குப் பதில் சொல்ல நேரும். எண் மாறாமல் இரண்டாம் சீட்டு வந்தாலும் ஆபத்துண்டு. எஞ்சிய சீட்டு மேசையில் கிடந்து, அடுத்த அங்கத்தினரின் மூட்டையில் ஏறிவிட்டால், அவருடைய மூட்டை ஏட்டில் இல்லாமற் போய்விடும்.

இதைத் தடுக்க நான்கு விதிகள் போதும். முதல் விதி: எடையை உறுதி செய்யும்போது எண் ஒரே முறை பிறந்து ஏட்டில் பதிய வேண்டும், அச்சிடுவது அதற்குப் பின்வரும் தனிச்செயல். இரண்டாம் விதி: மறுமுறை அச்சிடும் சீட்டில் ‘மறு அச்சு’ என்ற சொல்லும், எத்தனையாவது முறை என்பதும் இருக்க வேண்டும், அச்சிட்டவர் பெயரும் நேரமும் ஏட்டில் பதிய வேண்டும். மூன்றாம் விதி: அனுப்புமுன் தாள் உள்ளதா, மூடி மூடியுள்ளதா, மின்கலத்தில் சக்தி உள்ளதா என்று அச்சுக் கருவியைக் கேட்டறிந்த பின்னரே செயலி செய்தியை அனுப்ப வேண்டும்.

நான்காம் விதியே யாவற்றிலும் முக்கியமானது. சீட்டை மூட்டையில் கட்டிய பிறகு, எடையாளர் அதைக் கைக்கருவியால் படிக்க வேண்டும். அவ்வாறு படித்த பின்னரே மூட்டை இருப்பில் ஏற வேண்டும். இதற்கு ஓரிரு வினாடிகளே ஆகும். ஆனால் இந்த ஒரு செயலால், சீட்டு உண்மையாகவே அச்சாயிற்று, அது படிக்கத்தக்கதாக உள்ளது, அது உரிய மூட்டையில் உள்ளது என்னும் மூன்றும் உறுதியாகின்றன. முந்தைய மூட்டையின் எஞ்சிய சீட்டை எடையாளர் தவறிக் கட்டியிருந்தால், தான் எதிர்பார்த்த எண் இதுவன்று எனக் கைக்கருவி அப்போதே தடுத்துவிடும். செயலி விற்க வருவோரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இவ்வசதி உண்டா என்பதே. இல்லையெனில், மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் நம் கிடங்குக்கு அது உதவாது.

பாதுகாப்பும் மின்தடையும்

9100 என்னும் வாயிலுக்குப் பூட்டு கிடையாது. வலைத்தொடர்பில் நுழைந்த எவரும் அதற்குச் செய்தி அனுப்பி, சங்கத்தின் சீட்டைப் போன்ற சீட்டை அச்சிட்டுவிடலாம். ஆகவே கிடங்குக் கருவிகளுக்கென ஒரு தனி வலைத்தொடர்பு அமைக்க வேண்டும். வருவோர் போவோர் உபயோகிக்கும் வைஃபையில் அவற்றைச் சேர்க்கலாகாது. கருவியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். சீட்டை ரத்து செய்யவும் மறு அச்சு இடவும் யாருக்கு அதிகாரம் என்பதை நிர்வாகக் குழு தீர்மானத்தின் மூலம் நிர்ணயிக்க வேண்டும். எடை போடுபவரே ரத்து செய்யவும் அதிகாரம் பெற்றிருத்தல் உசிதமன்று.

மின்சாரம் நிற்கும் நாட்களுக்கும் ஏற்பாடு வேண்டும். கைக்கருவிகளும் சிறு அச்சுக் கருவிகளும் மின்கலத்தில் இயங்குவன. ஆனால் வைஃபை நிலையம் மின்சாரத்தையே நம்பியுள்ளது. அதற்குச் சிறு இன்வெர்ட்டர் ஒன்று போதும். அலுவலகத் தொடர்பு அறுந்தாலும் கைக்கருவி தன் வரிசை எண்களைக் கொண்டே எடை பதிந்து, தொடர்பு வந்தபின் ஏட்டில் சேர்க்க வல்லதாக இருத்தல் அவசியம். இவையனைத்தும் பழுதானால் உபயோகிக்க, ஒரு கட்டு தொங்கு சீட்டுகளை முன்னதாகவே எண்ணிட்டு அச்சிட்டு, காரியதரிசியின் பொறுப்பில் பூட்டி வைக்கலாம். அங்கத்தினர் வண்டி வாடகை கொடுத்துச் சரக்கைக் கொண்டுவந்திருப்பார். கருவி வேலை செய்யவில்லை என்று அவரைத் திருப்பியனுப்புதல் முறையன்று.

பராமரிப்பும் செலவும்

மஞ்சள் தூளும் பஞ்சுத் தூசியும் அச்சுக் கருவிக்குப் பகை. அச்சுத் தலையில் தூசி படிந்தால் சீட்டின் நீளவாட்டில் வெண்கோடு விழும்; அது பட்டைக்கோட்டின் குறுக்கே அமைந்தால் படிப்பதற்குத் தடையாகும். தாள் சுருள் மாற்றும்போதெல்லாம், கருவியை நிறுத்தி, தலை ஆறியபின் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கத்தி, ஊசி போன்றவற்றால் சுரண்டினால் தலை பாழாகும்.

விலைப்புள்ளி கோரும்போது கருவியின் விலையை மட்டும் ஒப்பிடுதல் போதாது. ஓராண்டுக்கு வேண்டிய தாள், மைநாடா, உபரி மின்கலம், செயலியின் ஆண்டுக் கட்டணம், பழுது பார்க்கும் நிலையம் எவ்வளவு தூரத்தில் உள்ளது, பழுதான காலத்தில் மாற்றுக் கருவி தருவார்களா என்பவற்றையும் எழுத்தில் பெற வேண்டும். கணக்கு விவரங்கள் சங்கத்தின் உடைமை என்பதும், செயலியை மாற்ற நேர்ந்தால் அவற்றை முழுவதும் திருப்பித் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சிறு சங்கமொன்றுக்கு ஒரு கைக்கருவியும் ஒரு புளூடூத் அச்சுக் கருவியுமே தொடக்கத்துக்குப் போதும்.

வரத்து மிகுந்த காலத்தில் புதுமுறையைத் தொடங்குதல் கூடாது. வேலை குறைந்த பருவத்தில் தொடங்கி, இரு வாரங்களுக்குப் பழைய பதிவேட்டையும் சேர்த்தே எழுதி வர வேண்டும். ஒவ்வொரு நாள் மாலையிலும் மூன்று எண்ணிக்கைகளை ஒப்பிடலாம்: எடை போட்ட மூட்டைகள், அச்சிட்ட சீட்டுகள், படித்து இருப்பில் ஏற்றிய மூட்டைகள். மறு அச்சையும் வீணான சீட்டையும் கழித்தபின் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாத நாளில் காரணத்தைக் கண்டறிந்த பின்னரே கிடங்கைப் பூட்ட வேண்டும். அடுத்தடுத்துப் பத்து நாட்கள் ஒத்திருந்தால் பழைய பதிவேட்டை நிறுத்தலாமா என்று நிர்வாகக் குழு யோசிக்கலாம்.

எடையாளர்களையும் சுமை தூக்குவோரையும் இப்பழக்கத்தில் சேர்த்துக்கொள்ளுதல் அவசியம். தராசை விட்டு இறங்குமுன் சீட்டு கட்டப்பட வேண்டும் என்னும் ஒழுங்கைக் காப்பவர்கள் அவர்களே. கருவி புதிதாக வந்ததும் தங்கள் வேலை போய்விடுமோ என்ற ஐயம் அவர்களுக்கு எழுவது இயல்பு. பிழை நேரும்போது தங்கள்மேல் வீண் பழி வராமல் காப்பதற்கும் இது உதவும் என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூற வேண்டும்.

இறுதியாக அங்கத்தினர்களுக்கும் ஒன்று கூறுவோம். மூட்டையில் கட்டப்படும் சீட்டின் பிரதியொன்றை உங்கள் கையிலும் கேட்டு வாங்குங்கள். பெயரும் எடையும் தரமும் சரியாக உள்ளனவா என்று தராசருகே நின்றே படித்துப் பாருங்கள். படிக்க இயலாதவர்களுக்குப் படித்துக் காட்டுவது எடையாளரின் கடமை. பட்டுவாடா நாளில் அப்பிரதியைப் பற்று வரவுப் புத்தகத்துடன் எடுத்து வாருங்கள். சங்க நிர்வாகிகள், கருவிக்கு விலைப்புள்ளி கோருமுன், நாம் மேலே கூறிய நான்கு விதிகளையும் தீர்மானமாக எழுதி ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.